தாலிக்கு முந்தின நாளே கூட்டம்

நான் திருநெல்வேலிக்காரன், வேலை விழுப்புரத்தில். இன்று காலை ஆபீஸ் நண்பனின் கல்யாணத்துக்குத் திண்டிவனம் போனேன். பட்டு வேட்டி, முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பே.

மண்டபத்தில் இருபது பேர்கூட இல்லை. கல்யாணம் நின்றுவிட்டதோ என்று பதறிவிட்டேன்.

நண்பனின் அம்மா சிரித்தார். "நேத்து ரிசப்ஷனுக்கே எல்லாரும் வந்து சாப்ட்டுப் போய்ட்டாங்க. நீங்க இன்னா இப்ப வர்றீங்க?"

"தாலி கட்டுறதுக்கு முன்னாடியே ரிசப்ஷனாம்மா? எங்க ஊர்ல தாலி கட்டுறதப் பாக்கத்தான் எல்லாரும் வருவாவ."

"அப்ப மேடைக்கே வந்து குந்துங்க!"

கை நிறைய அட்சதை கொடுத்தார். கெட்டிமேளம் கொட்டியதும் வராத ஊருக்கும் சேர்த்து நானே தூவினேன்.

ஆல்பத்தில் தாய்மாமனைவிட என் முகம்தான் அதிகம் இருக்கும்.

வட மாவட்டத்து நண்பர்களே, நேற்று ராத்திரி பந்தியில் என்ன போட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.