தோல் வாரை மாற்றிய நாள்

இதை எழுத ஏழு வருஷமாக மனம் துணியவில்லை. கடற்கரையில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைத்தவன் நான். சபரிமலைக்கு மாலை போட்டிருந்ததால் தோலைத் தொடக்கூடாதென்று, சேணத்தை இறுக்கும் தோல் வாருக்குப் பதில் நூல் நாடாவைக் கட்டினேன்.

குருசுக்குப்பத்து மீன்காரம்மா ஒருவர் புடவையோடு குதிரைமேல் ஒருபக்கமாக உட்கார வந்தார். அப்படி உட்கார்ந்தால் எடை ஒரே பக்கம் இழுக்கும்; அதைத் தோல் வார்தான் தாங்கும். எனக்குத் தெரியும்.

"நாடா தாங்குமா சாமி? அம்பது வருசமா மீனு தின்ன ஒடம்பு இது!"

"ஐயப்பன் பாத்துப்பாரும்மா, ஒக்காருங்க."

பத்தடியில் நாடா தளர்ந்து சேணம் புரண்டது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம், "நானேதான் வழுக்கி வுழுந்தேன்" என்றார். என்னிடம் மெதுவாக, "நீ மலைக்குப் போயிட்டு வா சாமி" என்றார்.

போனேன். சன்னிதியில் கை கூப்ப முடியவில்லை. அவர் அப்புறம் மீன்கூடை தூக்கவேயில்லை.

இதை யாரிடமாவது சொன்னால், அவர் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடாதீர்கள். வாரை மாற்றியவன் நான் என்றே சொல்லுங்கள்.