சம்பந்தியை அழைக்க ஒரு மொழி

செல்பேசியை மிளகாய்த்தூள் டப்பாவின் மேல் சாய்த்து நிறுத்திவிட்டு, கண்ணாடியை மூக்கின் நுனிவரை இறக்கிக்கொண்டு, கீரையை ஆய்ந்தபடியே என் மனைவி சீனம் படித்தாள். திரையில் ஓர் இளம்பெண் ஒரே சொல்லை நான்கு விதமாக உச்சரிப்பார். அடுப்படியில் இவள் அதை நான்கு விதமாகவும் திருப்பிச் சொல்வாள். குக்கர் சத்தமிட்டால் அது அடங்கும்வரை இரு பக்கமும் காத்திருக்கும். கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் பொள்ளாச்சிப் பேருந்துகள் போகும் சாலையைப் பார்த்திருக்கிறது. பேருந்துக்காக நிற்பவர்களில் சிலர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, இது எந்த ஊர்ப் பேச்சு என்று யோசிப்பது எனக்கு முன்னறையிலிருந்தே தெரியும். அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அறுபது வயதுக்கு மேல் வெட்கப்பட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். திருமணமான புதிதில் அவளுக்கும் கற்பித்தேன். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவள் அவள். அவளுடைய அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்தார். அம்மா கொழுந்து எடுத்தவர். ஆகவே டிவிஷன், மஸ்டர், சூப்பர்வைசர் என்று பாதி ஆங்கிலம் அவளுக்குப் பிறப்பிலேயே வாய்த்திருந்தது. மீதிப் பாதியை ஒன்றிரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டாள். மகனின் பள்ளியில், வங்கியில், பின்னாளில் விமான நிலையத்தில், பிழையின்றிப் பேசினாள். ஆனால் ஆங்கிலம் பேசும்போதெல்லாம் அவளுடைய முதுகு தானாக நேராகிவிடும். கைகள் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொள்ளும். "அதுல பேசுனா யாரோ எனக்கு மார்க்குப் போடுற மாதிரியே இருக்குங்க" என்றாள் ஒருமுறை. என் வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முதுகுகளை நான் அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

எங்கள் ஒரே மகன் வேலைக்காகச் சீனாவுக்குப் போய், அங்கேயே உடன் பணிபுரிந்த பெண்ணைத் திருமணம் செய்துகொண்டான். பயணங்கள் நின்றுபோயிருந்த காலம் அது. பதிவு அலுவலகத்தில் அவர்கள் கையெழுத்திட்டதைச் செல்பேசியில் பார்த்தோம். மருமகளுக்குத் தந்தை இல்லை. தாய் யுன்னான் மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருந்தார். வழிகள் திறந்ததும் பிள்ளைகள் இருவரும் வந்து, எங்கள் பங்கு ஆலயத்தில் ஆசி பெற்றுப் போனார்கள். தாய் வரவில்லை. வந்தவர்களுக்கு இலை போடும்போதே என் தங்கை ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்ண்ணா, பொண்ணப் பெத்த அம்மாவைச் செல்லுலதேன் பாக்கோணுமாட்ட இருக்குது? சம்பந்தியே வந்து ஒக்காராத பந்தி என்ன பந்திங்?"

"வருவாக மதினி, வருவாக. நீங்க மொதல்ல ரசத்த ஊத்துங்க" என்று என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எங்கள் பக்கத்தில், இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும், சம்பந்தி வீட்டை அழைப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கணவனும் மனைவியும் நேரில் போய், வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, தங்கள் வாயால் கூப்பிட வேண்டும். பிள்ளை மூலம் சொல்லியனுப்புவது அழைப்பாகாது. எங்கள் ஊருக்கும் யுன்னானுக்கும் இடையில் இத்தனை தூரம் இருக்கும்போது நேரில் போவது நடக்காத காரியம். ஆகவே மகனைச் சொல்லச் சொன்னோம். திரையில் சம்பந்தியம்மா கைகளை வேகமாக ஆட்டி ஏதோ சொன்னார். "வேண்டாம்ங்கறாங்கப்பா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு சொல்றாங்க. வரமாட்டாங்க" என்றான் மகன்.

வரமாட்டார் என்றால் வரமாட்டார் என்றே நானும் எடுத்துக்கொண்டேன். "அவிங்கதேன் வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்களே, உட்டுப்போடு" என்றேன்.

அவள் என்னை வியப்புடன் பார்த்தாள். "மொத தடவ கூப்பிட்டதும் பொட்டியக் கட்டிக்கிட்டுக் கெளம்பிருவாகளா ஒரு சம்பந்தி? அதுவும் மகன் வாயால கூப்பிட்டா? நம்மள யாராச்சும் அப்பிடிக் கூப்பிட்டிருந்தா நீங்க போயிருப்பீகளா? அந்தம்மா கையாட்டுனதப் பாத்தீகள்ல. எங்க அம்மா கையாட்டுற மாதிரியே இருந்துச்சு. அது வரமாட்டேன்னு இல்லங்க. மறுபடி கூப்பிடுன்னு."

அந்த மாதமே செல்பேசியில் சீன வகுப்பு தொடங்கியது. ஆசிரியை சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பி, இங்கே உரிமத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பாலக்காட்டுப் பெண். எங்கள் மகனைவிட இளையவர். ஆயினும் கேரள வழக்கப்படி நாங்கள் இருவரும் அவரை டீச்சர் என்றே அழைத்தோம். துணைக்கு நானும் சேர்ந்திருந்தேன். எழுத்துகள் எனக்கு விரைவாக வந்தன. இலக்கணம் எளிமையாகத் தோன்றியது. ஆனால் தொனி மாறினால் பொருள் மாறும் அந்த மொழியில், ஒரு தொனியை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய என் செவிகளால் கடைசிவரை முடியவில்லை. அவளுக்கு அது பொருட்டே இல்லை. தோட்டத்து ஆலயப் பாடகர் குழுவில் சிறுவயது முதல் இரண்டாம் குரல் பாடியவள். "ஆண்ட்டி பாடுந்நு, சார் வாயிக்குந்நு" என்று டீச்சர் மலையாளத்தில் சிரிப்பார். ஆண்ட்டி பாடுகிறார், சார் வாசிக்கிறார். சரியான மதிப்பீடு.

ஒருநாள் அவள் வகுப்பின் நடுவே, உங்கள் சீனத்தில் சம்பந்திக்குச் சொல் உண்டா என்று கேட்டாள். மருமகளின் தாய் என்று சுற்றி வளைத்து ஏதாவது வரும் என்று நான் எதிர்பார்த்தேன்; நாற்பது ஆண்டுகளாக நான் கற்பித்த ஆங்கிலத்தில் அவ்வளவுதான் முடியும். டீச்சர் உடனே சொன்னார்: ச்சிங்ஜியாமூ. அதே உறவு, அதே நேரடித்தன்மை. என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "ஒங்க இங்கிலீஷ்ல இல்லாதது இங்க இருக்குதுங்க" என்றாள் என்னிடம், ஏதோ இங்கிலாந்துக்கு நான் பொறுப்பு என்பதுபோல. அன்று முழுவதும் வீட்டுக்குள் அந்தச் சொல் நடமாடியது. முறத்தை எடுக்கும்போது ச்சிங்ஜியாமூ. துணி உலர்த்தும்போது ச்சிங்ஜியாமூ. யாரோ வாசலில் வந்து நிற்கிறார் போலிருந்தது.

பிறகு ஒத்திகைகள் தொடங்கின. "நீங்கதான் சம்பந்தியம்மா. உக்காருங்க" என்று என்னை நாற்காலியில் உட்காரவைப்பாள். அவள் அழைப்பாள், நான் மறுக்க வேண்டும். ச்சிங்ஜியாமூ, ச்சிங் லாய் வோமன் ஜியா. சம்பந்தியம்மா, எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அதற்கு நான், வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். நான் சொல்வதில் தொனி இருக்காது. "இப்பிடி மொட்டையா சொன்னா அந்தம்மா கோவிச்சுக்கிட்டாகன்னு நெனச்சிருவேன். கொஞ்சம் இழுத்துச் சொல்லுங்க, ஆசைய உள்ள வச்சுக்கிட்டு மறுக்கணும்" என்பாள். அவள் வெங்காயம் நறுக்கும்போதும், இருவரும் ஆலயத்துக்கு நடக்கும்போதும், எல்லையில் கோபாலபுரம் சோதனைச்சாவடியில் பேருந்து நிற்கும்போதும் இந்த உரையாடல் நடந்தது. ஆக நான் கற்ற சீனத்தில் பெரும்பகுதி, வீட்டுக்கு வர மறுப்பதற்கான சீனம். அழைக்கும் வாக்கியத்தை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தேன்.

இதற்கிடையில் இரு பெண்களும் ஞாயிறுதோறும் பேசத் தொடங்கியிருந்தார்கள். சாப்பிட்டீர்களா என்று இருவருமே முதலில் கேட்பார்கள். அதற்குமேல் சொற்கள் தீர்ந்துவிட்டால் வேலையைக் காட்டுவார்கள். ஒரு ஞாயிறு இவள் முருங்கைக்கீரை ஆய்வதைப் பார்த்திருந்த சம்பந்தியம்மா, தன் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிக் காட்டி, கொழுந்து எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இவள் சிறுமியாக விடுமுறை நாட்களில் அம்மாவோடு மலையேறியவள். ஆம் என்று தலையாட்டியபோது அவள் முகம் சிவந்தது. பிறகு அந்த அம்மாள் தன் விரல் நுனியைக் காமிராவுக்கு மிக அருகில் கொண்டுவந்து காட்டினார். திரை முழுவதும் கொழுந்துக் கறை படிந்த ஒரு விரல். இவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் அழைத்தாள். புதுப்புடவை உடுத்தி, தட்டில் வெற்றிலை பாக்கும் ஆரஞ்சும் வைத்து, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மகனை அறையைவிட்டு வெளியே போகச் சொல்லும்படி, அவனோடு தாய் வீட்டுக்குப் போயிருந்த மருமகளிடம் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டாள். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னாள். சம்பந்தியம்மா கைகளை ஆட்டினார்; சிரமம் என்றார்; பின் கண்களைத் துடைத்துக்கொண்டு, வசந்தகாலக் கொழுந்து எடுத்து முடியட்டும், பார்ப்போம் என்றார். அழைப்பு முடிந்ததும் என் மனைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்தாள். "பாப்போம்னுட்டாக. வசந்தம் முடிஞ்சதும் இன்னொருக்காக் கூப்பிட்டா வந்துருவாகங்க" என்றாள். பாதியை எனக்குக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டோம். கோயம்புத்தூர் மருத்துவமனையில் அவள் இருந்த நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மூச்சுக்கான முகமூடியைச் சற்று விலக்கி, "அங்க கொழுந்தெடுப்பு ஆரம்பிச்சிருக்குமோ?" என்று ஒரு காலையில் கேட்டாள். ஆரம்பித்திருக்கும் என்றேன். அவள் இறந்தபோது அங்கே எடுப்பு நடந்துகொண்டிருந்தது. அடக்கத்துக்கு மகனும் மருமகளும் வந்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் மருமகள் செல்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். திரையில் சம்பந்தியம்மா தன் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, எல்லாம் முடியும்வரை உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு வருசம் போவட்டும்ங்ண்ணா. எழவு உழுந்த ஊட்டுலருந்து யாருக்கும் அழைப்புப் போவக்கூடாதுங்" என்றாள் தங்கை. பந்தியில் கேலி செய்த அதே வாய்தான் இதைப் பரிவோடு சொன்னது. நானும் காத்திருந்தேன். ஆனால் எனக்கு வேறொரு கவலை இருந்தது. அந்த அழைப்பு பாதியில் நிற்கிறது. இன்னொரு முறை கூப்பிடாவிட்டால், முறை தெரிந்த அந்த அம்மாள் தாமாக வரப்போவதில்லை. கூப்பிட வேண்டியவளோ இல்லை. அவள் இத்தனை காலம் படித்தது ஒரு 'பார்ப்போம்' என்பதோடு முடிந்துபோகும். ஆங்கிலத்தில் எழுதி மருமகளிடம் படிக்கச் சொல்லலாம் என்று மகன் பரிவோடு சொன்னான். நான் மறுத்தேன். சமையலறையில் அதே இடத்தில் உட்கார்ந்து வகுப்பைத் தொடர்ந்தேன். மற்ற பாடங்களை எல்லாம் உரக்கச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் டீச்சரின் முன் சொல்ல வாய் வரவில்லை.

ஓராண்டு நினைவுத் திருப்பலி முடிந்து, அடுத்த வசந்தமும் கழிந்தது. மருமகள் விடுமுறைக்குத் தாயிடம் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வெள்ளைச் சட்டை அணிந்து, தனியாக நின்று அழைத்தேன். திரையில் தாயும் மகளும். சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டோம். பிறகு நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்; வாழ்நாளில் முதல் முறையாக.

சம்பந்தியம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார். தொனி தவறி வேறெதையோ சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு அவர் மகளின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். மருமகளுக்குத் தமிழ் அதிகம் வராது. தேடித் தேடிச் சொன்னாள்: "மாமா... அத்தை. அத்தை பேசுற மாதிரியே."

பிறகு அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். கடைசிச் சொல்லில் அத்தை குரலைத் தூக்கி நீட்டுவாராம். சீனத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லையாம். அம்மா அதை அப்படியே அடையாளம் கண்டுகொண்டாராம். எனக்கு அந்த நீட்டல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தோட்டத்தில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடும்போது அப்படித்தான் முடிப்பார்கள். என் மனைவியின் அம்மா என்னைக் கூப்பிட்டதும் அப்படித்தான். தொனியைப் பிரித்தறியாத என் செவிகள், அவள் சொன்னதை மட்டும் அப்படியே வைத்திருந்திருக்கின்றன.

சம்பந்தியம்மா மரபு தவறாமல் கையை உயர்த்தி, மறுப்பின் முதல் சொல்லைத் தொடங்கினார். எத்தனையோ முறை நான் அமர்ந்து சொன்ன சொல். பாதியில் நிறுத்தினார். கையைத் தாழ்த்தினார். லாய், என்றார். வருகிறேன்.

இப்போது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். என் தங்கை பின்னறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். விமான நிலையத்தில் விருந்தினரை வரவேற்பது என்ற பாடத்தை டீச்சர் எனக்காகவே சென்ற வாரம் எடுத்தார். அதில் அந்த அழைப்பு வாக்கியமும் வந்தது; சொல்லச் சொன்னார், சொன்னேன். "கடைசிச் சொல்லை உயர்த்தக் கூடாது சார், சமமாக நிற்க வேண்டும். திருத்திக்கொள்ளலாம்" என்றார். மற்றதையெல்லாம் திருத்துங்கள் டீச்சர், இது ஒன்று இப்படியே இருக்கட்டும் என்றேன். டீச்சர் புத்தகத்துக்குத் திரும்பினார். "அடுத்த வரி" என்றார்.