புதுக் கேமராவைப் பழசாக்கிய கதை

இந்த ஊரில் கேமராவைக் கத்தரிக்காய் மாதிரி குவித்து வைத்து விற்கிறார்கள். சிங்கப்பூருக்கு வந்த முதல் வருடம் எனக்குப் பெரிய அதிசயம் அதுதான். உயர்ந்த கட்டிடங்களைச் சினிமாவில் பார்த்திருக்கிறேன், கப்பலையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சாயங்காலம் காய்கறி வாங்க வந்த அம்மாள், கையில் கீரைக் கட்டோடு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு ஜப்பான் கேமராவைக் கைகாட்டி வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டியை அங்கேயே கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் டார்ச் லைட் வந்த பெட்டி பத்து வருடம் பரண்மேல் இருந்தது. அந்தக் கடைக்குத்தான் நானும் ஒருநாள் போனேன். எண்பதுகளின் தொடக்கம் அது. நல்ல கேமராவாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: இதைக் கொஞ்சம் பழசாக்கித் தர முடியுமா?

கடை முதலாளியான சீனர், தௌக்கே என்போம், விலை குறைக்கக் கேட்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் குறைத்தார். இல்லை என்று தலையாட்டினேன். உள்ளே போய் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கேமரா ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அதுவும் வேண்டாம், புதுசுதான் வேண்டும், ஆனால் பழசாகத் தெரிய வேண்டும் என்றேன். மனிதர் மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சரி, செய்து காட்டினால் புரியும் என்று பையிலிருந்த ஐம்பது காசை எடுத்துக் கேமராவின் மூலையில் ஒரு கீறல் போட்டேன். தௌக்கே பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "யூ பை நியூ, வொய் யூ ஸ்பாயில்?" என்று கேட்டார். நான் பணம் கொடுத்துவிட்டு அட்டைப்பெட்டியை வேண்டாம் என்றதும், பாவம், புத்தி சரியில்லாதவன் என்று முடிவு செய்து, ஒரு தோல் உறையை இலவசமாகவே கொடுத்தார்.

அவருக்கு எப்படிப் புரியவைப்பேன்? அந்தக் காலத்தில் நம் நாட்டுக்குள் ஒரு புதுக் கேமரா வர வேண்டுமானால், கேமராவின் விலை ஒரு பங்கு, அதன் தலைமேல் ஏறி உட்காரும் சுங்கத் தீர்வை ஒன்றரைப் பங்கு. விருந்தாளியை விட அவர் கூட்டி வந்த ஆட்கள் ஜாஸ்தி என்கிற கணக்கு. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் பில் இல்லாமல் விற்பார்கள், அதற்கும் ஏறக்குறைய அதே விலைதான். எங்கள் மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், ஒருதடவை அங்கே போய் விலை கேட்டார். கேட்ட வாய்க்கு ஒரு டீ வாங்கி ஊற்றிக்கொண்டு, நேராகத் திருவண்ணாமலை பஸ் ஏறிவிட்டார்.

மாமாவுக்கு, நான் பிறந்த தேரடித் தெருவிலேயே போட்டோ ஸ்டூடியோ. அவர் கேமராவுக்கு அவரைவிட வயது அதிகம். எங்கேயோ ஓட்டை விழுந்து உள்ளே வெளிச்சம் கசிய ஆரம்பித்தது. மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் அவர் எடுத்த மணப்பெண்கள் அத்தனை பேர் கன்னத்திலும் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். யாராவது கேட்டால், "ஜோதி விழுந்துக்குதுங்க, எல்லாருக்கும் விழாது" என்று சமாளிப்பார். அண்ணாமலையார் ஊர் என்பதால் கொஞ்ச நாள் அது செல்லுபடி ஆயிற்று. பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொருவர் வெளிநாட்டுக் கேமராவோடு கடை திறந்தார், ஜோதி விழாத படங்களை வெளியே மாட்டினார். மாமா கடையில் ஆள் வரத்து நின்றது. அக்கா கடிதத்தில் வேறெதையும் எழுதவில்லை. கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில்காரர் வீட்டுக் கல்யாணம் தை மாதம் வருகிறது, மச்சான் கேமரா கொண்டு வருகிறான் என்று சொல்லி மாமா ஒப்புக்கொண்டுவிட்டார், அதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

தீர்வை கட்ட வழியில்லை. ஆனால் ஒருவன் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பழைய சாமானுக்கு அவ்வளவு கெடுபிடி கிடையாது என்பது எங்கள் விடுதியில் அத்தனை பேருக்கும் மனப்பாடம். ஊருக்குப் போகிறவன் ஒரு மாதத்துக்கு முன்பே சாமான்களைப் பழக்க ஆரம்பித்துவிடுவான். புதுச் சேலையை ஒருமுறை நனைத்துக் காயவைப்பது, ரேடியோவுக்கு ரப்பர் பேண்ட் போடுவது எல்லாம் ஆரம்பப் பாடம். என் அறைத்தோழன் செல்வராசு, புதுக்கோட்டைக்காரன், இந்தக் கலையில் எங்கள் எல்லோருக்கும் வாத்தியார். நான் வேலை பார்த்தது கப்பல் பட்டறையில், துரு சுரண்டும் பிரிவில். வாரம் ஆறு நாள் பழசைத் தேய்த்துப் புதுசாக்குவேன். ஏழாம் நாள் அதே உப்புத்தாளை எடுத்துக்கொண்டு புதுசைத் தேய்த்துப் பழசாக்கினேன். கழுத்துப் பட்டையைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தோம். தௌக்கே கொடுத்த உறையை நான் சட்டைக்குள் போட்டு ஒரு வாரம் வேலைக்குப் போய் வந்தேன். கடைசியில் அந்தக் கேமராவைப் பார்த்தால், இரண்டு யுத்தம் கண்டு வந்த மாதிரி இருந்தது. செல்வராசுக்கு அப்படி ஒரு பெருமை.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள் என்றார். நாலு வருடம் சார், ஞாயிற்றுக்கிழமையானால் போட்டோ எடுப்பதுதான் என் பொழுதுபோக்கு என்றேன். அப்படியா, என்னை ஒரு படம் எடுங்களேன் என்று சட்டைக் காலரைச் சரிசெய்து நின்றார். பழசாக்குவதற்கே நேரம் சரியாகப் போய்விட்டதில், அதை ஒருநாளாவது கண்ணில் வைத்துப் பார்த்தேனா, இல்லை. கண்ணில் வைத்தேன். ஒரே இருட்டு. இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன், இருட்டுதான். வரிசையில் நின்றவர்கள் வேறு சிரிக்கிறார்கள். அவர் மெதுவாகக் கையை நீட்டி லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

"நாலு வருஷமா இருட்டைத்தான் படம் எடுத்தீங்களா?"

நல்ல மனிதர்தான். கத்தவில்லை. இரண்டு வழி சொன்னார். தீர்வை கட்டினால் கேமரா இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் எழுதிவிடுவோம், திரும்பும்போது கையோடு கொண்டுபோய்விட வேண்டும். தீர்வை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மாமா குளித்து, நெற்றியில் பட்டை போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் காத்திருந்தார். நான் கேமராவை வெளியே எடுத்தேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேனே, அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்தக் கீறல்களுக்கு நடுவில் இடம் தேடிக் குங்குமம் வைத்தார். அக்காதான் கேட்டுவிட்டாள். "ஏண்டா, நமக்குன்னு கேட்டா இப்பிடியா ஓட்ட ஒடசலப் பாத்து வாங்கியாறது?" அக்கா, இது புதுசு என்றேன். அவள் உப்புத்தாள் பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சோறு போட எழுந்து போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் பழசு பழசு என்று சத்தியம் செய்த அதே வாயால், தேரடித் தெருவில் புதுசு புதுசு என்று சத்தியம் செய்தேன். இரண்டு இடத்திலும் ஒருவரும் நம்பவில்லை.

மறுநாள் ரைஸ் மில்காரரே கேமராவைப் பார்க்க வந்துவிட்டார். பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். எம் பொண்ணு கல்யாணத்துக்குப் போய் செகண்ட் ஹேண்டா, பஸ் ஸ்டாண்டுக்காரரு புதுசு வெச்சிருக்காராமே என்று எழுந்தார். மாமா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உள்ளே ஓடிப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. ஒரு கேமரா, ஜப்பான், புதியது. அதன் கீழே இன்னொரு வரி, கையெழுத்து, முத்திரை. மில்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். மூன்று சிங்கத்தைப் பார்த்ததும் மனிதர் குரலே மாறிவிட்டது. "கவர்மெண்டே புதுசுன்னு எழுதிக் குடுத்துக்குது. அப்புறம் நாம இன்னா பேசறது?" என்று உட்கார்ந்து காபி கேட்டார்.

முதல் வரியை மில்காரர் படித்தார். இரண்டாவது வரியை அவர் தோளுக்கு மேலே எட்டி மாமா படித்துவிட்டார். மில்காரர் போகும்வரை பொறுத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"எப்ப திருப்பி எடுத்துக்கினு போவணும்?"

"நான் போற அன்னிக்கே மாமா."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. காலண்டரை எடுத்து நாட்களை எண்ணினார். பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் மனிதர் தூங்கினாரோ இல்லையோ, தெரியவில்லை. ரைஸ் மில் கல்யாணம் எடுத்தார். கலர் படங்களைப் பார்த்துவிட்டு மில்காரரின் சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள், அதையும் எடுத்தார். அடி அண்ணாமலையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நான்தான் கூடப்போய் லைட் பிடித்தேன். எந்தக் கன்னத்திலும் கோடு இல்லை. நான் கிளம்பும் நாள் பஸ்ஸில் ஏறிய பிறகு, ஜன்னல் வழியாகக் கேமராவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். சும்மா வைத்தால் இறுகிப்போகும், வாரத்துக்கு ஒருமுறை பத்துத் தடவையாவது அமுக்கிப் பார் என்று குழந்தைக்கு மருந்து சொல்வது போலச் சொன்னார். பஸ் நகர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

சிங்கப்பூரில் பிலிம் வாங்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. கேமரா அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அறை ஜன்னலில் நின்று வெறும் கேமராவைப் பத்துத் தடவை அமுக்குவேன். எதிர் அடுக்குமாடி புளோக்கில் ஒரு சீன அம்மாள் அந்த நேரத்தில்தான் மூங்கில் கழியில் துணி காயப்போடுவாள். முதல் வாரம் முறைத்தாள். மூன்றாம் வாரம் சிரித்தாள். ஐந்தாம் வாரம் தலைவாரி, பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அடுத்த வாரம் கீழே காப்பிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, படம் எங்கே என்று சைகையில் கேட்டாள். பிலிம் இல்லை என்று எந்தப் பாஷையில் சொன்னாலும் பைத்தியம் என்பாள். ஏற்கெனவே இந்த ஊரில் ஒருவர் அப்படி முடிவு செய்துவிட்டார், போதும். பிலிம் வாங்கிப் போட்டு எடுத்தேன். நன்றாகவே வந்தது, நானே ஆச்சரியப்பட்டேன். ஒரு பிரதி அவளுக்குக் கொடுத்தேன். ஒன்றை, கேமரா நலம் என்று காட்ட, மாமாவுக்கு அனுப்பினேன். அந்த அம்மாள் படத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, "யுவர் கன்ட்ரி, வென் கோ பேக்?" என்று அன்பாகக் கேட்டாள். என்றைக்குக் கேட்டாலும் இங்கே எல்லோரும் என்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

மாமாவின் பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. அடுத்த லீவு எப்போது என்று முன்கூட்டியே எழுத வேண்டுமாம், மூன்று வீட்டில் எனக்காக முகூர்த்தத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். கலர் படம் மாட்டியதிலிருந்து கடைக்கு ஆள் வருகிறதாம். தேரடித் தெருக் கண்ணாடிப் பெட்டியில், கீழ்பென்னாத்தூர் மணப்பெண்ணுக்கும் அடி அண்ணாமலை மணப்பெண்ணுக்கும் நடுவில், மூங்கில் கழியும் துணியுமாக அந்தச் சீன அம்மாளை மாட்டியிருக்கிறார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, யார் வீட்டுப் பெண் என்று கேட்கிறார்களாம். மாமா என்ன பதில் சொல்கிறார் என்பதையும் எழுதியிருந்தார். அவர் விளையாட்டுக்கு எழுதவில்லை, பெருமையாகத்தான் எழுதியிருக்கிறார். நான் பிறந்த அந்தத் தெருவில் நின்றுகொண்டு, அவர் தினமும் சொல்கிறாராம்:

"அது எங்க மச்சான் ஊருப் பொண்ணுங்க."