வாலை அளக்காமல் விட்ட மெஷின்

கண்ணாடிக்காரர் கண்ணாடி போட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகும் மைக்ரோமீட்டரின் பொடிக் கோடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் படித்துவிடுவார். அந்தப் பெயர் வந்தது பட்டறை மேசைமேல் கிடக்கும் கண்ணாடிப் பலகையால். உடைந்த அலமாரிக் கதவிலிருந்து கழற்றி, ஓரத்தைத் தேய்த்து வைத்தது. லேத்தில் கடைந்த ஒவ்வொரு தண்டையும் அதன்மேல் உருட்டிவிட்டுப் பார்ப்பார்கள். நேரான தண்டு சத்தம் போடாமல் கோடு கிழித்த மாதிரி போகும். ஒரு முனை பருத்தது பாதி வழியில் ஒருபக்கமாகத் திரும்பும். கோணல் என்றால் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே போகும்.

உருட்டுவது அவர் மனைவியின் வேலை. "உருட்டுறது நான், பேரு மட்டும் உங்களுக்கு" என்று அவள் சொல்லிக்காட்டாத மாதமில்லை.

பட்டறை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு பழைய லேத், ஒரு துளையிடும் மெஷின், எதிரில் அவள் மேசை. பின்னறையில் அவளுடைய அப்பா படுக்கையில் இருந்தார். கைத்தடியால் சுவரை ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தட்டுச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து போவாள். கண்ணாடிக்காரர் லேத்தை நிறுத்தாமலே அவள் விட்ட இடத்திலிருந்து தண்டுகளை எண்ணெய் துடைத்து வைப்பார். திரும்பி வந்தவள் பேச்சையும் விட்ட இடத்திலிருந்தே தொடர்வாள். இப்படியே பல வருஷம் ஓடியிருந்தது.

குட்டையான வேலைகள் வந்தவரைக்கும் பழைய லேத்துக்குக் கஷ்டமில்லை. பெட்டிக் கீல் ஆணியை அது தூக்கத்தில்கூடக் கடைந்து தரும். பிறகுதான் ஆஸ்பத்திரி மருந்துப் பம்பு செய்கிற கம்பெனி வந்தது. விரல் நீளத்தில், தீக்குச்சியைவிடக் கொஞ்சமே தடித்த தண்டு கேட்டார்கள். பழைய லேத் ராடை ஒரு முனையில் பிடித்துக்கொள்ளும். மறுமுனை அந்தரத்தில் நிற்கும். உளி கிட்டே போனால் புது மருமகள் மாதிரி ஒதுங்கும். ஒதுங்கிய இடத்தில் பருமன் கூடிவிடும். கண்ணாடிமேல் விட்டால், மூன்றில் ஒன்று பாதை மாறிப் போகும்.

கம்பெனி என்ஜினியர் தன்மையான ஆள். "கழிச்சு எடுத்துத்தான் எங்களுக்குத் தர்றீங்க, தெரியுது. ஆனா இப்ப கேக்கறதைப் போல ரெண்டு மடங்கு கேக்கப் போறோம். மழைக்காலம் முடியறதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா வேற இடம் பாருன்னு மேல சொல்லிடுவாங்க" என்றார்.

வழி என்னவென்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். சுவிஸ் லேத். பென்சிலை வால் பக்கம் பிடித்துச் சீவினால் முனை ஆடும். முனைக்குப் பக்கத்தில் பிடித்தால் ஆடாது. சுவிஸ் லேத்தில் ராடு ஒரு சின்ன வளையத்துக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்; வளையத்தின் வாயருகிலேயே உளி வெட்டிவிடும். ஒதுங்க இடமே கொடுக்காது.

அதை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. சரக்கு வண்டி ஓட்டும் மச்சினன் ஊருக்கு வெளியே ஒரு ஷெட் பார்த்துவிட்டு வந்தான்.

"பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம் மாமா. கட்டைவிரல் தடிமன் ராடுகூட ஓட்டலாம். நாளைக்குப் பெரிய வேலை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நாளைக்கு விருந்தாளி வருவான்னு இன்னைக்கே நம்ம கட்டிலைத் தூக்கி வெளிய போடச் சொல்றியா மாப்ளே? நம்ம தண்டு தீக்குச்சி தடிமன்தான். அதுக்கு ஏத்த குட்டி மெஷின் போதும்."

"குட்டி மெஷின்னா குட்டி வேலைதான் வரும்."

"வரட்டுமே. நானும் என்ன ஆறடியா?"

மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். ஷெட் என்றால் அவளால் வர முடியாது. அப்பாவை விட்டுவிட்டு எங்கே போவாள்? கணவர் மட்டும் காலையில் போய் இருட்டியபின் வர வேண்டும். இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் அவர் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளை வெட்ட ஆரம்பித்தார்.

மெஷின் விற்கிறவர்கள் தந்த காகிதத்தில் இருந்த குட்டி மெஷினின் நீள அகலத்துக்கு அட்டையை ஒட்டித் தரையில் போட்டார். வாசற்கதவை அளந்தார், நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் அளந்தார். அட்டை சுவரோரமாகக் கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் மேசையை ஒரு முழம் நகர்த்தினால் போதும்.

அதன்பின் எல்லோரும் அட்டையைச் சுற்றித்தான் நடந்தார்கள். மெஷின் இருக்கும்போது பழகிக்கொள்வதைவிட இப்போதே பழகிக்கொள்வது நல்லது என்பது அவர் கட்டளை. மச்சினன் ஒருநாள் மறந்து குறுக்கே நடந்துவிட்டான்.

"டேய், மெஷினுக்குள்ள நிக்கிற" என்றாள் அக்கா.

"நல்லவேளை, ஸ்விட்ச் போடல" என்று அவன் எட்டிக் குதித்தான்.

மெஷின் விற்கிற இடத்துக்கு மாமனும் மச்சினனும் போனார்கள். கண்ணாடிக்காரர் துணியில் சுற்றிய கண்ணாடிப் பலகையைக் கையோடு கொண்டுபோயிருந்தார். விளக்கிச் சொல்ல வந்த பெண் அவருடைய தண்டின் வரைபடத்தை வாங்கி மெஷினில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் தண்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. அவர் பலகையை விரித்து ஒன்றை உருட்டினார். குனிந்து காதைக் கொடுத்தார். அந்தப் பெண்ணும் குனிந்தாள்.

ஒரு சத்தமும் இல்லை. அடுத்ததும் அப்படியே. கைக்கு வந்ததையெல்லாம் உருட்டிப் பார்த்தார். ஒன்றுகூட வழி தவறவில்லை.

"என்னங்க சார், சரியில்லையா?" என்றாள் அந்தப் பெண், அவர் முகத்தைப் பார்த்து.

"ரொம்ப சரிம்மா" என்று நிமிர்ந்தவர், சந்தோஷத்தில் மெஷினைச் சுற்றி ஒரு நடை போட்டார். பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மெஷினின் முதுகிலிருந்து ஒரு நீளமான இரும்புத் தொட்டி புறப்பட்டு அந்தக் கூடத்தின் பாதிவரைக்கும் போயிருந்தது. மெஷினைவிட அதுதான் நீளம். ராடைப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கிற பார் ஃபீடர்.

"இது... இதோட சேந்ததா?"

"ஆமாங்க. முழு ராடும் இதுக்குள்ளதானே படுக்கணும்?"

அவருக்கே சிரிப்பு வந்தது. கதவை அளந்தார், சுவரை அளந்தார், மேசையை அளந்தார். ராடு எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. இவ்வளவு காலம் ராடைத் துண்டு போட்டே பழைய லேத்தில் மாட்டியவருக்கு அது தோன்றவே இல்லை.

"மாட்டை அளந்தீங்க, வாலை விட்டுட்டீங்களே மாமா" என்றான் மச்சினன்.

வீட்டுக்கு வந்து அட்டைக்குப் பின்னால் இன்னொரு அட்டையை ஒட்டிப் பார்த்தார்கள். பின்சுவரில் முட்டியும் அட்டை மிச்சம் இருந்தது.

"சுவத்துல ஒரு ஓட்டை போட்டா அப்பா கட்டில் வரைக்கும் வரும்" என்றான் மச்சினன். "அப்பாவே ராடு மாட்டிக் குடுக்கட்டும். அவருக்கும் பொழுது போகும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கைத்தடி ஒரு தட்டுத் தட்டியது.

"பாரு, சம்மதம்னு சொல்றாரு."

"தண்ணி கேக்கறாருடா" என்று அவள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்ப ஷெட்டுதானா?" என்று நேராகக் கேட்டாள். அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"குட்டை ஃபீடர் ஒண்ணு இருக்காம்" என்றார் அவர். "ராடை மூணு துண்டாக்கிப் போடணும். அது அடங்கும். ஆனா அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு, அதுல ரெண்டு தொல்லை. அடிக்கடி ராடு மாட்டணும், ஒரு ஆள் பக்கத்துலயே இருக்கணும். அதோட, ஒவ்வொரு துண்டோட கடைசியிலயும் ஒரு சாண் மிஞ்சும். வளையத்துல பிடிக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். நீள ராடுன்னா ஒரு தடவைதான் மிஞ்சும். இதுல மூணு தடவை."

அவள் அட்டையின் அருகே உட்கார்ந்து யோசித்தாள். பிறகு மேசையடித் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கீல் ஆணியை எடுத்து, பம்புத் தண்டின் பக்கத்தில் கண்ணாடிமேல் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே ராடுதானே?"

"ஒரே ராடுதான்."

"கீல் ஆணி எவ்வளவு நீளம்? என் சுண்டுவிரல்ல பாதி. அதை இன்னும் பழைய லேத்துலதானே போடறீங்க. புது மெஷின் மிச்சம் வெக்கறதைப் பழசு சாப்பிடட்டும்."

கண்ணாடிக்காரர் ஆணியையும் தண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய லேத்தை விற்றுவிடலாமா என்று ஒரு வாரமாக மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

"பழசுக்கும் ஒரு வாழ்வு வந்துடுச்சு" என்றான் மச்சினன். "சரி, ராடு மாட்ட ஆளு?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்று அவள் வால் அட்டையைக் குட்டை ஃபீடர் அளவுக்கு மடித்துவிட்டு, முழு அட்டையையும் நகர்த்தினாள். அவர் போட்டிருந்த திசைக்கு நேர்மாறாகத் திருப்பி, வாலைத் தன் மேசைப் பக்கமாக விட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, எழாமலே கையை நீட்டி வாலின் வாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மேசையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, மறுபடி தொட்டாள்.

"நாலஞ்சு தண்டு உருட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு ராடு தீந்துடுமா?"

"அவ்வளவு சீக்கிரம் தீராது."

"அப்ப எனக்கென்ன கஷ்டம்?"

மழை விடுவதற்குள் மெஷின் வந்துவிட்டது. இறக்க வந்தவர்கள் கதவை அளக்க டேப்பை எடுத்தபோது, "போகும், போகும். கதவு எங்களுக்கு மனப்பாடம்" என்று மச்சினன் வழிவிட்டான். ராடும் வேறு வாங்க வேண்டியிருந்தது. வளையம் சாதாரண ராடை ஏற்காது, சீராகத் தீட்டியதாக இருக்க வேண்டுமாம். அதற்கும் கண்ணாடிக்காரர் முகம் சுளிக்கவில்லை.

முதல் தண்டு தட்டில் விழுந்ததும் மின்விசிறியை நிறுத்தினார்கள். அவள் எண்ணெயைத் துடைத்து, கண்ணாடிமேல் வைத்து, ஒரு விரலால் தள்ளிவிட்டாள். அது பலகையின் கடைசிவரை போய், அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றான் மச்சினன்.

"வண்டிச் சத்தத்துல உன் காது எப்பவோ போயிடுச்சு. எனக்கும்தான் கேக்கல" என்றாள் அவள்.

பின்னறையில் கைத்தடி இரண்டு தட்டுத் தட்டியது. அவள் எழுந்தாள். போகும்போதே கையை நீட்டி அடுத்த ராடை வாலுக்குள் சரித்துவிட்டுப் போனாள். கண்ணாடிக்காரர் அவள் விட்ட இடத்திலிருந்து எண்ணெய் துடைக்க ஆரம்பித்தார்.