ஒட்டுமீசை

ஸ்ரீரங்கம் ஃபிளாட்டில் நேற்று டிவியில் கனகவல்லியின் பாட்டு வந்ததும், அம்மா சட்டென்று சத்தத்தைக் குறைத்தாள்.

கனகவல்லி நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போய்ப் பாடி நடித்தவர். சினிமா வாய்ப்பு குறைந்ததும் திருவானைக்காவலில் எங்கள் பக்கத்து வீட்டுக்குத் தனியாகக் குடிவந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சாயங்காலம் அவர் பாடி முடித்ததும் அந்த வீட்டில் அதட்டலாக ஓர் ஆண்குரல் கேட்கும். ஆனால் எந்த ஆணும் வந்துபோய் யாரும் பார்த்ததில்லை.

"யாருன்னு பாத்துட்டு வாடி" என்று அம்மா அனுப்பினாள்.

கதவிடுக்கில் பார்த்தேன். ஒட்டுமீசையோடு கண்ணாடி முன் நின்று கனகவல்லியே ராஜா வசனம் பேசிக்கொண்டிருந்தார். நாடக நாட்களில் மேடையில் ராஜா வேஷமான ராஜபார்ட் கட்டியவரே அவர்தான். ஓடிவந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

மறுநாள் குழாயடியில் அம்மா சொன்னாள்: "அவ வீட்டுல மீசை வச்ச ஆளு ஒருத்தன் இருக்கான். எம் பொண்ணே பாத்துச்சு."

நான் பக்கத்தில்தான் குடத்தோடு நின்றேன். குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு அம்மா பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரே மாதத்தில் கனகவல்லி வீட்டைக் காலிசெய்தார்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" நேற்றுதான் கேட்டேன்.

"அவ பாட்டு முடியறவரைக்கும் உங்கப்பா கெணத்தடிய விட்டு வரமாட்டாரு."

சொல்லிவிட்டு, மாலை போட்டிருந்த அப்பா படத்தை ஒருமுறை பார்த்தாள். டிவி சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.