மேஜைக்காலில் ஒரு பட்டன்

என் வலது கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்காது. இது நிஜமாக நடந்தது என்று காட்ட என்னிடம் இருப்பது அந்த விரல் மட்டும்தான். நான் இயற்பியல் படித்தவள். அதுவரை பேயைப் பற்றி யோசித்ததுகூட இல்லை.

அண்ணனுக்கு மரப்பட்டறை. பலகையில் பூவேலை வெட்டும் மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டிருந்தான். அதை ஓட்டுவது உள்ளங்கை அகல மினி கம்ப்யூட்டர். மரத்தூள் படாமலிருக்க, மெஷினோடு வந்த இரும்புக் கம்பத்தின் உச்சியில் அதைப் பொருத்தியிருந்தார்கள். அது அணைந்தால் மெஷின் நிற்கும். அவசரத்துக்கு அழுத்தும் சிவப்புப் பட்டன் வாங்கும்போதே உடைந்திருந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஸ்டூலில் ஏறினான்.

"சட்டை கிட்டை மாட்டுச்சுன்னா, இரு வரேன்னு ஸ்டூல் ஏறுவியா?" என்றேன்.

"நீதான் படிச்ச புள்ளையாச்சே. ஒரு வழி பண்ணு."

பண்ணினேன். கம்ப்யூட்டரின் பவர் பட்டனுக்குப் பின்னால் இரண்டு முனைகள். அவை ஒரு கணம் தொட்டுக்கொண்டால் ஆன். நான்கு விநாடி தொட்டபடியே இருந்தால் ஆஃப். அங்கிருந்து வயர் இழுத்து, கீழே மெஷின் மேஜையின் காலில் ஒரு பட்டன் வைத்தேன். காலின் உட்புறம் ஓரிடத்தில் பெயின்ட் போய் வெறும் இரும்பு தெரிந்தது. பசை நன்றாகப் பிடிக்கும் என்று அங்கேயே ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. பட்டறையில் நாங்கள் இருவர்தான்.

அண்ணன் பட்டனைத் தட்டினான். மெஷின் உறுமியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... அணைந்தது.

மறுபடியும். அதே நான்கு விநாடி.

"கைய எடுணா."

"எடுத்து எவ்ளோ நேரமாச்சு."

வயரின் மேல்முனையைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். கீழே பட்டனை அழுத்தினால்தான் மீட்டர் கத்த வேண்டும்.

கீ...

கத்தியது.

குனிந்து பார்த்தேன். பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது. நான் பார்க்கப் பார்க்க, மெதுவாக வெளியே வந்தது. சத்தம் நின்றது.

தொட்டேன். ஈரம்.

"ஸ்பிரிங் மக்கர் பண்ணுது, அவ்ளோதான். வயரு தொங்கட்டும் விடு. ஒரே ஒரு பலகை முடிச்சிடறேன்."

அண்ணன் ஸ்டூலில் ஏறி ஆன் செய்தான். இறங்கினான். தூளைத் தட்டிவிடக் கையை நீட்டினான்.

சட்டைக் கையைக் கத்தி பிடித்தது.

துணி சுருண்டது. பிறகு தோல். ரத்தம் என் முகத்தில் அடித்தது.

"அணைடி... அணை..."

ஸ்டூலுக்கு ஓடினேன்.

மேஜைக்கு அடியிலிருந்து ஏதோ என் மணிக்கட்டைப் பிடித்தது.

ஈரமான விரல்கள்.

இழுத்தது. நெற்றி இரும்பில் மோதியது. என் கட்டைவிரலைப் பட்டனில் வைத்து அழுத்தியது.

மடக்.

எலும்பு.

ஒன்று... இரண்டு... மூன்று...

நான்கு.

மெஷின் நின்றது.

பிடி விடவில்லை.

அண்ணனின் கை தப்பியது, முழங்கை வரை தையல். வயரின் மேல்முனை கடைசி வரை எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

என் மணிக்கட்டில் ஐந்து விரல்களின் தடம் கருநீலமாகக் கன்றியிருந்தது. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. ஒரு நகக்கீறல்கூட இல்லையே?"

மெஷினைத் திருப்பி எடுத்துப்போக, அதை விற்ற இடத்து மெக்கானிக் வந்தார். மேஜைக்காலைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இங்க எதுக்கும்மா பட்டன் வெச்ச?"

"பெயின்ட் உரிஞ்சிருந்துச்சு."

"அது தானா உரியலம்மா."

முன்பு அதை ஓட்டியவரின் வலது கை மெஷினில் மாட்டியிருக்கிறது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டர் எட்டாத உயரத்தில். இடது கைக்கு எட்டியது அந்த மேஜைக்கால் மட்டும்தான்.

"பொறாண்டிட்டே இருந்திருக்காரு" என்றார் மெக்கானிக். "நாங்க வந்து பாக்கறப்ப, அந்தக் கையில ஒரு நகம்கூட இல்ல."