உயிரோடு இருந்த தோக்தோசுனுக்கு வைத்த ஒப்பாரி

எங்கள் ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுந்தால் அந்த வீட்டில் சாவு. யாருக்கு, எப்படி என்று விசாரிக்கக் கூடாது. ஆண்பிள்ளை என்றால் தெருமுனையிலிருந்தே கதறிக்கொண்டு ஓட வேண்டும்.

நரின் ஆற்றங்கரையில் இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐம்பத்தெட்டு வயது தோக்தோசுனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று அவர் புத்தி வேறெங்கோ இருந்தது. தன்னிடம் இருந்த கம்பளிக் கூடாரத்தை விற்றுவிட்டு, மறுநாள் ரஷ்யாவுக்குத் தெருக் கூட்டப் போவதென்று முடிவெடுத்திருந்தார். மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. வாங்குகிறவர் மதியம் வருவதாக இருந்ததால் அதை முற்றத்தில் நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஓட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

முந்தின வாரம்தான் என்னிடம் புலம்பினார்.

"ஒம்போது தொழில் பாத்துட்டேன் கெங்கேஷ். ஒண்ணுலயும் உருப்படல. நான் இல்லேன்னா இந்த ஊருல ஒரு கோழிகூடத் தேடாது."

பக்கத்து வீட்டுக்காரன் நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "நீங்க கோழிப்பண்ணை வச்சப்பவே அதுங்க ஓடிப்போச்சே அண்ணே" என்றேன். என் வாய் அப்படி.

அன்று காலை அவர் முற்றத்தில் கூடாரத்தைப் பார்த்ததும் கதறிக்கொண்டே ஓடினேன். வாசலில் அவர் மனைவி புருல்சா அக்கா தலைத்துணியில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி ஏதோ சொல்ல வந்தாள், வார்த்தை வரவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் என்ன பேசுவாள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

வழக்கப்படி இடுப்பில் கைகளை ஊன்றிக் குனிந்து ஒப்பாரி வைத்தேன்.

"ஐயோ என் அண்ணனே! பஸ்ஸைப் பனியில சொருகிட்டு, ரெண்டு மணி நேரம் எங்க புள்ளைங்களைப் பாட வச்சு, தூங்கி வெறைச்சுப்போகாம காப்பாத்துனியே!"

பின்னாலேயே சாவுச் சாப்பாட்டுக்கு ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு கடைக்காரன் ஜானிஷ் வந்தான்.

"தப்பான பல்லைப் புடுங்குனியே அண்ணே! அந்தப் பயத்துலயே என் வலி ஓடிப்போச்சே!"

"சினிமாப் படத்தைக் கடைசியிலேருந்து பின்னோக்கி ஓட்டி, செத்தவனையெல்லாம் எழுப்பி விட்டியே!" என்றான் இன்னொருவன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. அப்போது கூடாரத்தின் கதவை விலக்கிக்கொண்டு ஒரு தலை வெளியே வந்தது. வாயில் கோணி ஊசி.

"டேய் கெங்கேஷ், ரெண்டு மணி நேரம் இல்லடா. அஞ்சு."

நான் அலறினேன். ஜானிஷ் ஆட்டின் மேலேயே விழுந்தான். சிரிப்பதா உதைப்பதா என்று புரிவதற்குள் கீழ்த்தெருக்காரர்கள் கதறிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். வருகிறவன் அழுதால் நிற்கிறவனும் சேர்ந்து அழ வேண்டும். வழக்கம் வழக்கம்தானே! நாங்கள் வரிசையாக நின்று அழுதோம். தோக்தோசுனும் வரிசையில் நின்று தனக்காகவே அழுதார்.

பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்தார்.

"மனசைத் திடமா வச்சுக்கப்பா. ஆளு போனாலும் அவன் செஞ்சது இருக்கு."

"இருக்கா மாமா?" என்றார் தோக்தோசுன்.

"இல்லாம? என் மாட்டுக்குப் பிரசவம் பாத்தது யாரு? கன்னுக்கு ஒத்தைக் கண்ணுதான். ஆனா இன்னிக்கு அதுவே மூணு ஈத்து போட்டாச்சு!"

அதற்குப் பிறகு தோக்தோசுன் அழுதது வழக்கத்துக்காக இல்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இதில் ஒன்றையாவது அவர் முகத்துக்கு நேரே சொன்னோமா? கேலி செய்ய மட்டும் முந்திக்கொண்டு ஓடினோம்.

மதியம் கூடாரம் வாங்குகிறவர் வண்டியில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் அவரும் குனிந்து, யாருக்கென்று தெரியாமலே "ஐயோ என் உடன்பிறப்பே" என்று நன்றாகவே அழுதார். அழுது முடித்து, பக்கத்தில் நின்ற தோக்தோசுனிடம் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. யாரு தவறிப்போனது?"

தோக்தோசுன் மூக்கைத் துடைத்தார். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரஷ்யாவுக்குப் போறதா இருந்த ஒருத்தன்."

"அடப் பாவமே! அப்போ இந்தக் கூடாரம்?"

"விக்கிறேன்னு சொன்னது அவன்தான். நான் குடுக்க மாட்டேன்."

காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த புருல்சா அக்கா தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அவனுக்கு நானும் அழுது முடிச்சுட்டேன். ஜானிஷ், அந்த ஆட்டைக் கொண்டா. எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."